மாமாவின் கடதாசிச் சொற்கள்

நவம்பர் 4, 1996. திங்கள்

காலையில் ஈரப் பனி. தரையில் விழுந்ததும் தண்ணீர். மல்வேர்ன் பஸ் பிந்தியது. சப்பாத்துக்குள் குளிர்.

செய்ய வேண்டியவை:
– ஐயருக்கு போன்
– ஹோல்காரருக்குச் சாப்பாட்டு விபரம்
– நினைவு மலர்
– தர்ஷினிக்கு பூட்ஸ் (போன வருடத்தது காலைக் கடிக்கிறதாம்)
– மாமாவின் மருந்துப் போத்தல்களை பார்மசியில் திருப்பிக் கொடுக்க

மாமா போய் மூன்றாவது கிழமை. இவருடைய அப்பா. ஐந்து வருடம் எங்களோடு, முன்னறையில். 17ஆம் திகதி ஞாயிறு அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும். தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவழி மரம், படங்கள், நன்றி. ஊர் வழக்கம் எங்களுக்கு முந்தியே விமானம் ஏறி வந்துவிட்டது.

அச்சிடுவது எங்கள் கடையில்தான். சண்முகம் அண்ணையின் அச்சகம், ஸ்காபரோவில், இறைச்சிக் கடைக்கும் வீடியோக் கடைக்கும் நடுவில். கொம்பியூட்டரில் எழுத்துக் கோர்ப்பது நான். கலியாணக் கார்ட், மரக்கறிக் கடை நோட்டீஸ், நினைவு மலர். அண்ணை சொன்னார், "தங்கச்சி, மாமான்ர புத்தகத்தை நீரே செய்யும். வேறை ஆரும் தொட்டால் நீர் பிழை பிடிச்சுக்கொண்டு நிப்பீர்." உண்மைதான்.

மாமா கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் கடதாசிக் கொம்பனியில் ஸ்டோர் கீப்பர். முழு உத்தியோகமும் அங்கேதான். அங்கிருந்து கொண்டு வந்தது பென்சனும் சொற்களும். பீட்சாக் கடை நோட்டீஸ் வந்தாலும் பெருவிரலால் தடவிப் பார்ப்பார். "உது ஆர்ட் பேப்பர். மினுக்கம் கூட, குணம் இல்லை." தேத்தண்ணீர் வைத்தால் கூடவே ஒரு சொல். டிமை, றோயல், எலிஃபன்ற், ஃபூல்ஸ்காப். எல்லாம் பழைய இங்கிலிஷ். இந்த நாட்டில் கடதாசிக்கு லெற்றர், லீகல் என்று இரண்டே பேர். தபால்காரனும் வக்கீலும் பங்கு பிரித்த நாடு என்பார். எனக்குப் பல நாள் தலையிடி. அடுப்பில் கறி அடிப்பிடிக்கும் நேரம் வந்து நின்று எலிஃபன்ற் என்றால், ஆனையை நான் எங்கே கட்டுவது.

இப்போது தேத்தண்ணீர் நேரத்தில் வீட்டில் சத்தமில்லை. அதுவும் தலையிடிதான்.

நவம்பர் 5. செவ்வாய்

வெயில், ஆனால் காற்று. இவருக்கு இன்று வேலை இல்லை. மார்க்கம் நகருக்குக் காரில் போனோம், பெரியத்தான் வீட்டுக்கு. இவருடைய மூத்த அண்ணன். கணக்காளர். நான்கு கார் நிற்கக்கூடிய முற்றம். கொள்ளி வைத்தவர் என்பதால் புத்தகத்தில் என்ன வரும், என்ன வராது என்பது அவர் கையில்.

புத்தகத்தைத் தாளை நடுவில் மடித்துக் கம்பி அடித்துச் செய்வது. ஆகவே பக்கங்கள் நாலு நாலாகத்தான் கூடும். இருக்கிறதை எல்லாம் அடுக்கிப் பார்த்தேன். கடைசிக்கு முன்பக்கம் ஒன்று வெறுமையாக மிஞ்சுகிறது. சொன்னேன்.

பெரியத்தான்: "வெள்ளையா ஒரு பக்கமும் விடக்கூடாது. செத்தவீட்டுப் புத்தகத்தில வெறும் பக்கம் விட்டால் அடுத்த ஆளுக்கு இடம் விட்டமாதிரி."

எந்தச் சாத்திரத்தில் இருக்கிறதோ தெரியாது. ஆனால் ஒருவரும் எதிர்த்துக் கதைக்கவில்லை. அடுத்த ஆள் யார் என்று எல்லோரும் மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்திருப்போம்.

இவர் பிள்ளையார் படம் போடலாம் என்றார். பிள்ளையார் ஏற்கெனவே முதல் பக்கத்தில் இருக்கிறார். அப்போதுதான் எனக்கு வாயில் வந்தது: மாமாவின் கடதாசிச் சொற்களைப் போட்டால் என்ன? ஒரு பக்கம், சொல்லும் விளக்கமும். பெரியத்தான் சிரித்தார். அப்பா செத்த பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். "அவற்ர எலிஃபன்றையும் போடும். அதை எங்களுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பார்."

வம்சாவழி மரத்தைத் தன் கையால் எழுதி வைத்திருந்தார். வாங்கி வந்தேன். வரும் வழியில் பால், பாண், வெங்காயம்.

நவம்பர் 6. புதன்

மரத்தைக் கொம்பியூட்டரில் ஏற்ற இருந்தேன். மாமாவுக்கும் மாமிக்கும் கீழே இரண்டு கோடு. பெரியத்தான், அவர் மனைவி, பிள்ளைகள். இவர், நான், தர்ஷினி. முடிந்தது.

மாமாவுக்குப் பிள்ளைகள் மூன்று.

விமலா மச்சாள் பெரியத்தானுக்கு இளையவர், இவருக்கு மூத்தவர். கொழும்பில் இருந்த காலத்தில் தவராசா அண்ணையை விரும்பிக் கட்டினார். அவர்கள் சாதி குறைவு என்று மாமா கதவைச் சாத்தினார். பிறகு திறக்கவேயில்லை. மச்சாள் இப்போது றிச்மண்ட் ஹில்லில். பிள்ளையார் கோயிலுக்குக் கிட்ட. தவராசா அண்ணை பஸ் டிப்போவில் மெக்கானிக். மாமா எங்கள் முன்னறையில் இருந்த ஐந்து வருடமும் அந்தப் பேரை வாயில் எடுத்ததில்லை. சாகும்போதும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இன்றைக்கு எல்லோருக்கும் லேசு.

பியூனரல் ஹோமில் மச்சாள் கடைசி வரிசையில், சாம்பல் நிறக் கோட்டுடன். பக்கத்தில் போய் இருந்தேன். "கடைசியிலை கஷ்டப்பட்டவரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். பெட்டி மூடுமுன் எழும்பிப் போய்விட்டார்.

இவரிடம் கேட்டேன்.

"மரத்தில அக்கா இல்லை."

"அது அண்ணைன்ர முடிவு."

"உங்களுக்கு அக்கா இல்லையோ?"

"இல்லையெண்டு இப்ப ஆர் சொன்னது" என்று சொல்லி டிவியின் சத்தத்தைக் கூட்டினார். ஹொக்கி. இவருக்கு ஹொக்கியில் ஒன்றும் விளங்காது.

நவம்பர் 8. வெள்ளி

மழை. கடையில் மூன்று கலியாணக் கார்ட். ஒன்றில் மாப்பிள்ளையின் படிப்பு எழுத ஒரு வரி போதவில்லை, பெண்ணின் படிப்பு அரை வரி. பெண்ணின் தாய் போனில் வந்து எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார்.

மத்தியானம் சாப்பிடும்போது நினைவில் இருந்த சொற்களை எழுதினேன்:

ஃபூல்ஸ்காப் – ஊரில் சோதனை எழுதின நீட்டுக் கடதாசி. முற்காலத்தில் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கோமாளித் தொப்பி ஒன்று தெரியுமாம். அதனால் அந்தப் பேர். (மாமா: "நாங்கள் எல்லாரும் கோமாளியில எழுதித்தான் பாஸ் பண்ணினது.")

குவயர் – இருபத்துநாலு ஒற்றை, அதாவது தாள்.

றீம் – இருபது குவயர். இப்போது ஐந்நூறு ஒற்றை என்கிறார்கள். மாமா இதைக் கடைசிவரை ஏற்கவில்லை. கடையில் வாங்கிய பெட்டியைப் பார்த்து, கூடத் தந்து ஏமாத்துறாங்கள் என்பார்.

எலிஃபன்ற் – பெரிய தாள். வரைபடத்துக்கு.

ஃபிளிம்சி – ரைப் அடிக்கும்போது கார்பனுக்குக் கீழே வைக்கும் மெல்லிய தாள். ஊதினால் பறக்கும்.

கர்ல் பேப்பர் – வெள்ளைக்காரிகள் தலைமயிரைச் சுருட்டிக் கட்டி வைக்கும் துண்டு. இதைச் சொல்லும்போது மட்டும் மாமா மற்றப் பக்கம் பார்ப்பார்.

றெற்றீ – ?

கடைசியை எழுதிவிட்டு அப்படியே இருந்தேன். மாமா அதிகம் சொன்ன சொல் அதுதான். நசிந்த தக்காளியைப் பார்த்தால் றெற்றீ. என் ரொட்டி ஒரு பக்கம் கருகினால் றெற்றீ. ஏச்சு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாதி நேரம் முகத்தைச் சுளிக்காமல்தான் சொல்வார், சொல்லிவிட்டுச் சாப்பிட்டும் விடுவார். இன்னும் புரோக், அவுட்சைட்ஸ் என்று இரண்டு. அவையும் என்னவென்று தெரியாது.

இவரிடம் கேட்டால் தோளைக் குலுக்குகிறார். பெரியத்தானிடம் போனில் கேட்டேன். "உதெல்லாம் ஆர் காதில விழுத்தினது" என்றார்.

நவம்பர் 9. சனி

லைபிறரி. தர்ஷினியையும் இழுத்துக்கொண்டு போனேன். பதினைந்து வயது, என்னோடு பஸ்ஸில் ஏறவே வெட்கம். தடிப்பான அகராதியை இரண்டு பேருமாகத் தூக்கி மேசையில் வைத்தோம். ஃபூல்ஸ்காப் சரி. குவயர் சரி. பொற் என்று ஒரு சின்னத் தாளும் கிடைத்தது, வெளிச்சத்தில் பிடித்தால் குவளை தெரியுமாம். றெற்றீ இல்லை. அவுட்சைட் என்றால் வெளிப்பக்கம் என்று மட்டும் போட்டிருக்கிறது. அது எங்களுக்கும் தெரியும்.

தர்ஷினி: "அம்மா, சீரியஸ்லி, தாத்தா இதெல்லாத்தையும் மெமறைஸ் பண்ணி வச்சிருந்தவரா? வொய்?"

"வேலை செய்த இடம்."

"ஐ மீன், அப்பா கார் பார்ட்ஸ் செய்யிறார். அவருக்கு ஒரு பார்ட்டின்ர பேரும் தெரியாதே."

இது இவர் காதில் விழவில்லை, நல்லது.

பின்னேரம் இவர் ஷிப்டுக்குப் புறப்படும்போது வாசலில் நின்று சப்பாத்துக் கட்டிக்கொண்டே சொன்னார், நான் கேட்காமலே. "அக்காதான் சனிக்கிழமையில அப்பாவோடை ஸ்டோருக்குப் போறவ. எங்களைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார், நாங்கள் குழப்படி. கட்டுகளுக்கு லேபிள் எழுதுறது அவ." நிமிரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நவம்பர் 10. ஞாயிறு

தீபாவளி. எங்களுக்கு இல்லை, செத்தவீட்டுத் துடக்கு. பக்கத்து அப்பார்ட்மென்றில் இருந்து எண்ணெய் மணம். தர்ஷினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிந்தாள். மத்தியானம் சோறு, பருப்பு, வாழைக்காய்.

இவருடைய பேர்ஸில் மச்சாளின் நம்பர் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எடுத்து அடித்தேன்.

"நான் சுகந்தி, மச்சாள்."

"ஓம், குரல் தெரியுது. சொல்லும்."

விஷயத்தைச் சொன்னேன். புத்தகம், வெறும் பக்கம், சொற்கள். பிறகு கதிரை இழுக்கும் சத்தம்.

"எழுதும்" என்றார். "றெற்றீ எண்டது ஏச்சு இல்லை. ஒற்றையில சின்னப் புள்ளி இருக்கும், ஒரு சுருக்கம் இருக்கும், இல்லாட்டி மூலை மடிஞ்சிருக்கும். எழுதலாம், அச்சடிக்கலாம், ஒண்டும் செய்யாது. தனியாக் கட்டி விலை குறைச்சு விக்கிறது. கட்டுக்கு மேல ரெண்டு புள்ளடி, எக்ஸ் மாதிரி, போடவேணும். நான்தான் போடுறனான், நீலச் சோக்கால."

"புரோக்?"

"அது கிழிஞ்சது. திரும்ப மில்லுக்கு, கூழாக்க."

"அவுட்சைட்ஸ்?"

"றீமுக்கு மேலயும் கீழயும் வைக்கிற பழுதான ஒற்றையள். கயிறு இறுக்கினால் வெட்டுறது அதுகளைத்தான். உள்ளுக்கு இருக்கிறது தப்பும்."

நிறையச் சொன்னார். சுகர் பேப்பர், சீனிக் கட்டி சுற்றின முரட்டு நீலத் தாள். ஸ்பில், அடுப்பில் இருந்து சுருட்டுக்கு நெருப்பு எடுக்க முறுக்கின கடதாசித் துண்டு. ஸ்க்ரூ, அது எங்களூரில் கடலை சுற்றித் தருகிற சரைதான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் புகையிலை போட்டு முறுக்கிக் கொடுப்பார்களாம். வைற்றி-பிறவுண், முழுக்க வெளுக்காத பலசரக்குக் கடைத் தாள். எனக்கு எழுதிக் கை உளைந்தது. மச்சாள் ஒரு சொல்லையும் யோசித்துச் சொல்லவில்லை. இவ்வளவு வருடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில்: "உந்தப் பக்கத்தை எழுதினது ஆர் எண்டு போடுவியள்?"

"உங்கட பேர்தான்" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"மரத்தில நான் இருக்கிறனோ?"

எழுதிய தாளைத் திருப்பி வைத்தேன்.

"அப்ப இல்லை."

"கதைச்சுச் சொல்லுறன் மச்சாள்."

"கதைச்சுச் சொல்லும்" என்று வைத்துவிட்டார். கோபமான குரல் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நவம்பர் 12. செவ்வாய்

உறைபனி. பஸ் தரிப்பில் ஒரு அன்ரி, மற்ற அன்ரியிடம்: "மருமகள் நல்லவதான், ஆனால் மைக்ரோவேவில சோறு வைக்கிறா." கடைவரை இதை நினைத்துச் சிரித்துக்கொண்டு போனேன். அதோடு இன்றைய சிரிப்பு முடிந்தது.

பெரியத்தான் புறூஃப் பார்க்கக் கடைக்கு வந்தார். நான் கேட்காமல் எதையும் முடிவாக்கவில்லை, செய்ததை ஒளிக்கவும் இல்லை. சொற்கள் பக்கத்தின் கீழே "தொகுப்பு: மகள் விமலாதேவி". மரத்தில் மூன்றாவது கோடு பென்சிலால் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி.

வாசித்தார். றெற்றீயில் நின்றார். "ஓ, இதுதானோ அது" என்றார் மெல்ல. பிறகு சிவப்புப் பேனை எடுத்து மகள் விமலாதேவியை வெட்டினார். பென்சில் கோட்டையும்.

"அப்பா செய்யாததை நாங்கள் செய்யேலாது, சுகந்தி. அவர் உயிரோடை இருக்கேக்க ஒருக்கால் வா எண்டு சொல்லியிருந்தால் நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்திருப்பன்."

அவர் சொன்னது உண்மைதான். மாமா மனம் மாறினார் என்று காட்ட ஒரு சொல்லும் கிடையாது. நான் பார்த்த மாமா, எடுத்த முடிவைத் திருப்பிப் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் அவர் செத்துவிட்டார். இனி முடிவு எடுக்கிறது நாங்கள். செத்தவரின் தலையில் கட்டிவிட்டு நாங்கள் கை கழுவுவது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றே எழுதுகிறேன்.

சொன்னது இவ்வளவுதான்: "அப்பிடியெண்டால் அந்தப் பக்கத்தையும் எடுக்கிறன் அத்தான். சொல் அவவின்ரை."

"வெள்ளையா விடேலாது."

"தெரியும்."

சண்முகம் அண்ணை மெஷினுக்குப் பின்னால் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றார். பெரியத்தான் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். போன பிறகு அண்ணை வந்து, "தங்கச்சி, எனக்கு இது ஓடர். ஆனால் உமக்குக் குடும்பம். ரெண்டையும் பாத்துச் செய்யும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

நவம்பர் 13. புதன்

இவர் விடிய எழும்பிக் காரை எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று சொல்லவில்லை. வேலைக்கு முதல் மார்க்கம் போயிருக்கிறார், அண்ணனிடம். பன்னிரண்டு மணி போலக் கடைக்கு போன்: "போடச் சொன்னார். ரெண்டு இடத்திலயும்."

"என்ன சொன்னீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. போய் முன்னால இருந்தன்."

இவர் அப்படித்தான். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் போய் இருப்பார். கலியாணம் முடித்துப் பதினேழு வருடத்தில் முதல் தடவையாக அது எனக்கு நல்ல குணமாகப் பட்டது. பின்னேரம் உளுந்து ஊறப்போட்டேன், நாளைக்கு இவருக்குத் தோசை.

நவம்பர் 14. வியாழன்

தோசை சரியாக வந்தது.

பெரியத்தான் திருத்திய மரத்தை ஃபக்ஸில் அனுப்பினார். சுருண்டு சுருண்டு விழும் அந்தத் தாளை விரித்துக் கோப்பையால் அமத்திப் பார்த்தேன். விமலாதேவி இருக்கிறார். மூன்றாவது கோடு, நல்ல எழுத்தில். ஆனால் தனியே. பெரியத்தானுக்குப் பக்கத்தில் மனைவி, இவருக்குப் பக்கத்தில் நான், கீழே பிள்ளைகள். மச்சாளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை, கீழேயும் இல்லை.

போன் எடுத்தேன்.

"பேர் ஏறுது, காணும்" என்றார் பெரியத்தான். "இதுக்கு மேல கேட்டால் எனக்கு மரமே வேண்டாம்."

இவரிடம் கேட்டேன். "இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு. இழுக்காதேயும், அறுந்துபோகும்." நானும் அப்படித்தான் யோசித்தேன். ஒன்றுமில்லாத இடத்தில் பேராவது. அடுத்த வருடத் துவசத்துக்குப் பார்க்கலாம்.

அச்சுப் பிளேட் அடித்தாயிற்று, இனி மாற்ற முடியாது.

மச்சாளுக்குப் போன் எடுத்தேன். ஞாயிறு எல்லோரும் வாங்கோ, தவராசா அண்ணையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

"பேர்?"

"இருக்கு மச்சாள். ரெண்டு இடத்திலயும்."

"அப்பிடியோ" என்றார். பிறகு, "நன்றி, சுகந்தி." அந்த நன்றியை வாங்கியிருக்கக் கூடாது. பேர் தனியே நிற்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். ஞாயிறு நேரில் சொல்லலாம் என்று விட்டேன்.

நவம்பர் 15. வெள்ளி

புத்தகம் மெஷினில் ஓடியது. பெரியத்தான் கேட்ட மினுக்கத் தாள், மாமாவுக்குப் பிடிக்காத அதே ஆர்ட் பேப்பர். மாமா இருந்தால் தன் புத்தகத்தைத் தானே குறை சொல்லியிருப்பார். மடித்து, கம்பி அடித்து, ஓரம் வெட்டி, பெட்டிகளில் அடுக்கினோம். விரல்களில் கடதாசி வெட்டு மூன்று. மிளகாய்த்தூள் தொட முடியவில்லை, இவர்தான் கறி வைத்தார். உப்பு இல்லை. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டோம்.

தர்ஷினிக்கு பூட்ஸ் வாங்கியாயிற்று. கறுப்பு. குதி உயரம். சண்டை பிடிக்கச் சக்தி இல்லை.

நவம்பர் 17. ஞாயிறு

வெளிச்சம், கடும் குளிர். காலையில் கிரியை முடிந்தது. ஐயர் சுருக்கமாகச் செய்தார், அடுத்த வீடு ஒன்று இருக்கிறதாம். ஹோலில் சாப்பாடு. சோறு, ஆறு கறி, வடை, மோதகம், பாயாசம். பேப்பர் பிளேட் இரட்டையாக வைத்தும் பாயாசம் ஊறி மேசை நனைந்தது.

மச்சாள் வந்தார். தவராசா அண்ணையும் வந்தார். நரைத்த, மெலிந்த மனிதர், கையில் பழப் பை. கூட அவர்களின் பையன், என்னைவிட உயரம். கோட்டுகளை வாங்கி மாட்டி, நடுவில் ஒரு மேசையில் இருத்தினேன். பெரியத்தான் இரண்டு மேசை தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். பார்த்தார். எழும்பிப் போய்விடுவாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எழும்பவில்லை. சோற்றைப் பிசைந்தார்.

மச்சாளிடம் முதலே சொல்லிவிட வேண்டும் என்று போனேன். கையில் வடைத் தட்டு இருந்ததால் நாலு பேர் மறித்தார்கள். அதற்குள் தர்ஷினி புத்தகம் கொடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மச்சாள் முதலில் சொற்கள் பக்கத்தை எடுத்தார். விரலை வைத்து வாசித்தார். தவராசா அண்ணைக்கு ஒரு இடத்தைக் காட்டினார், இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு மரம். நான் அப்போது பக்கத்தில் வந்துவிட்டேன்.

"இவற்ர பேர் எங்கை?"

"அத்தான் விடேல்லை மச்சாள். நானும் ஓமெண்டு விட்டிட்டன். உங்களுக்குச் சொல்லியிருக்கவேணும். சொல்லேல்லை."

என்னைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை. "இதைப் பாக்கிறவைக்கு நான் கலியாணம் கட்டாமல் இருந்த ஆள்" என்றார். பிறகு, "பேனை இருக்கோ?"

கொடுத்தேன். தன் பேருக்குப் பக்கத்தில் தவராசா என்று எழுதினார். மினுக்கத் தாளில் போல்பொயின்ற் பிடிக்கவில்லை, வழுக்கியது. அழுத்தி இரண்டாம் தரம் எழுதினார். கீழே இரண்டு கோடு. அனுஷா. பிரவீன். ஊதிக் காய வைத்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். முன்னால் இருந்த அங்கிளிடம் கையை நீட்டினார். "ஒருக்காத் தாங்கோ. ஒரு பிழை விட்டிருக்கு." அவர் கொடுத்தார். அடுத்தவரும் கொடுத்தார். அந்த மேசை முடிய எழும்பி அடுத்த மேசைக்குப் போனார்.

"விமலா, விடும்" என்றார் தவராசா அண்ணை. மச்சாள் விடவில்லை. லேபிள் எழுதிப் பழகிய கை, வேகம். ஒரு மூச்சும் பெரிதாக விடாமல், பிழை விட்டிருக்கு, பிழை விட்டிருக்கு என்று சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டு போனார். சனம் சோற்றுக் கையை உயர்த்திப் பிடித்து மற்றக் கையால் புத்தகத்தைத் திறந்து கொடுத்தது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததால் விளங்கவில்லை என்று இல்லை.

நான் வடைத் தட்டை வைத்தேன். சண்முகம் அண்ணையின் சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்து, கதவோர மேசையில் தொடங்கினேன். தர்ஷினி வந்து என் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, பெட்டிகளில் மிஞ்சிய புத்தகங்களில் எழுதத் தொடங்கினாள். அவளுடைய தமிழ் எழுத்து கோணல். பரவாயில்லை.

நிமிர்ந்தபோது இவர் எழும்பி நிற்கிறார். கை கழுவிக்கொண்டு வந்து என்னிடம் பேனையை வாங்கினார். நேரே பெரியத்தானுக்கு முன்னால் போய் இருந்தார். பெரியத்தானின் புத்தகம் பிளேட்டுக்குப் பக்கத்தில், மூடியபடி. நான் பின்னால் போய் நின்றேன்.

"அண்ணை, உங்கடதையும் தாங்கோ."

பெரியத்தான் தரவில்லை. இடது கையால் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். இழுத்து மரத்தைத் திறந்தார். பிறகு இவரிடம் இருந்து பேனையை வாங்கினார்.

"அவளுக்கு எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டார்.